நீல ஃபைலில் இல்லாத மூன்று மாதம்

என் தம்பி பெண்டாட்டியைப் பற்றி நான் நல்லதாக நாலு வார்த்தை சொல்லி எங்கள் ஊரில் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். என் வாய் அப்படி. முப்பது வருஷமாகக் குளிர்காலம் வந்தால் பனி தள்ளும் லாரியை ஓட்டுகிறேன். அந்த எஞ்சின் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தி, மெதுவாகப் பேசுவதே மறந்துவிட்டது. ஆனால் லூவானைப் பற்றி இன்றைக்குச் சொல்லத்தான் போகிறேன். பெருமையாகவே சொல்லப் போகிறேன். பிடிக்காதவர்கள் காதைப் பொத்திக்கொள்ளலாம்.

லூவான் காப்பக் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துச் சமையலறையில் வேலை பார்க்கிறவள். இருநூறு பிள்ளைகளுக்கு மத்தியானச் சாப்பாடு போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து மறுபடி அடுப்பைப் பற்றவைப்பாள். என் தம்பி வெர்லின் டிராக்டர் ரிப்பேர் பார்க்கிறவன், அதிகம் பேசமாட்டான். அவர்களுக்கு ஒரே பையன், டோபின். நான் அவர்கள் வீட்டுக் கார் ஷெட்டுக்கு மேலே இருக்கிற அறையில் குடியிருக்கிறேன். சாப்பாடு அவர்களோடுதான். ஆகவே நான் சொல்வது யாரோ சொல்லிக் கேட்டதல்ல.

நாங்கள் குவேக்கர்கள். போருக்குப் போகமாட்டோம், துப்பாக்கி தூக்கமாட்டோம் என்று எங்கள் சபை தாத்தன் பூட்டன் காலத்திலிருந்து சொல்லி வருகிறது. சொல்வதற்கென்ன, ஞாயிற்றுக்கிழமை தொழுகைக் கூடத்தில் ஒரு மணி நேரம் வாயை மூடி உட்கார்ந்துவிட்டு வெளியே வந்து எல்லோரும் அதைச் சொல்லலாம். நானும் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். லூவான்தான் அதைச் சனிக்கிழமைக்கும், வியாழக்கிழமைக்கும், வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கும் கொண்டுவந்தவள்.

ஈராக் மேல் படை போகப்போகிறது என்று ரேடியோவில் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த அந்த இலையுதிர் காலத்தில் அவள் ஆரம்பித்தாள். சனிக்கிழமை பதினொரு மணியிலிருந்து பன்னிரண்டு மணி வரை, தபால் ஆபீஸ் மூலையில், கையில் ஓர் அட்டையுடன் பேசாமல் நிற்பது. அட்டையில் 'போர் வேண்டாம்' என்பதற்கு மேல் ஒன்றும் கிடையாது. டோபினுக்கு அப்போது மூன்று வயது. தள்ளுவண்டியில் உட்கார்ந்து பிஸ்கட்டைச் சப்பிக்கொண்டு அவனும் நின்றான், அதாவது உட்கார்ந்தான். முதல் வாரம் மூன்று பெண்கள் வந்தார்கள். மழை பெய்தால் லூவான் மட்டும்.

நான் சும்மா இருப்பேனா? "ஏன் லூவான், பாக்தாத்துல இருக்கறவனுக்கு உன் அட்டை தெரியுமா? நம்ம ஊர்க் கறிக்கடைக்காரருக்கே கண்ணாடி போட்டாத்தான் தெரியும்" என்றேன். அவள் தொப்பியைக் காதுக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு, "அப்போ அவர் கண்ணாடி போட்டுக்கட்டும்" என்றாள். அத்தோடு பேச்சு முடிந்தது.

அவளுக்கு அது தனி வேலையாகவே இருந்ததில்லை. துணி துவைப்பது எப்படியோ, கோழிக்குத் தீனி போடுவது எப்படியோ, அப்படி. அட்டை ஃபிரிட்ஜுக்கும் சுவருக்கும் நடுவே நிற்கும். எழுத்து மங்கினால் பான்கேக் மாவு கலக்குகிற அதே மேசையில் வைத்துப் பெயிண்ட் அடிப்பாள். ஒரு தடவை என் பான்கேக்கில் கறுப்பு பெயிண்ட் இருந்தது. நான் போட்ட கூச்சலில் நாய் ஓடிப்போய் வெர்லின் காருக்கு அடியில் படுத்துக்கொண்டது. மூலையில் நின்று திரும்பியதும் எல்லோருக்கும் சூடாக சூப் கொடுப்பாள். காரில் போகிறபோது திட்டுகிறவன் யாராவது வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி வந்து திட்டினால், அவனுக்கும் பிளாஸ்க்கிலிருந்து கோக்கோ ஊற்றி நீட்டுவாள். பாதிப் பேர் வாங்கிக் குடித்துவிட்டுத்தான் மீதியைத் திட்டுவார்கள்.

வியாழக்கிழமை ராச்சாப்பாட்டில் மத்து. உருளைக்கிழங்கு மசிக்கிற இரும்பு மத்துதான். அது யார் கையில் இருக்கிறதோ அவர்தான் பேசலாம், அந்த வாரத்து மனத்தாங்கலைச் சொல்லலாம், மற்றவர்கள் குறுக்கே பேசக்கூடாது. இது லூவானின் கண்டுபிடிப்பு. உலகத்தில் சண்டை ஓயவேண்டும் என்று மூலையில் நிற்கிறவள் வீட்டுச் சண்டையை மூடி வைக்கக்கூடாது என்பாள். எனக்கு மத்து கிடைத்தால் அதைத் திரும்ப வாங்க மூன்று பேர் பாடுபட வேண்டும். ஒரு தடவை வெர்லினும் நானும் பதினொரு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. காரணம் அவன் வளர்க்கிற நாய். அந்தப் பதினொரு நாளும் அவள் எங்கள் இருவரையும் எதிரெதிரே உட்காரவைத்துச் சோறு போட்டாள். "கோபமா இருங்க, வேணாங்கலை. ஆனா தட்டு இங்கதான்" என்றாள். பன்னிரண்டாம் நாள் வெர்லின் உப்பை என் பக்கம் தள்ளினான், அதோடு சரி.

இதெல்லாம் சரி, அவளிடம் ஒரு கோளாறு இருந்தது. அது எங்கள் ஆட்களுக்கே உரிய கோளாறு.

எங்கள் நாட்டில் பையன்களுக்குப் பதினெட்டு வயதானால், ராணுவம் எப்போதாவது ஆளெடுத்தால் கூப்பிட வசதியாக, ஒரு படிவத்தில் பெயர் பதிய வேண்டும். 'என் மனசாட்சி இடம் கொடுக்கவில்லை, போகமாட்டேன்' என்று சொல்ல அந்தப் படிவத்தில் இடமே இல்லை. அதனால் எங்கள் சபைப் பையன்கள் கறுப்பு மையில் அதைப் படிவத்தின் குறுக்கே கையால் எழுதி அனுப்புவார்கள். நாளைக்கே கூப்பிட்டால், எப்போதிலிருந்து உனக்கு இந்த நம்பிக்கை, காட்டு என்று கேட்பார்கள் இல்லையா? அதற்காக ஒவ்வொரு பையனும் ஒரு ஃபைல் தயார் செய்வான். தன் நம்பிக்கையைத் தானே எழுதுவான், தெரிந்தவர்களிடம் கடிதம் வாங்கி வைப்பான். ஒரு பிரதி தொழுகைக் கூடத்து இரும்பு அலமாரியில் இருக்கும். பதினாறு, பதினேழு வயதில் பையன்கள் ஆரம்பிப்பது வழக்கம்.

லூவான் டோபினுக்கு ஆறு வயதிலேயே ஆரம்பித்துவிட்டாள். நீல நிறத்தில், மடிப்பு மடிப்பாக விரிகிற ஃபைல். தேதி போட்டு எழுதுவாள். 'இன்று டோபின் சிலந்தியைக் கொல்லாமல் கோப்பையில் பிடித்து வெளியே விட்டான்.' 'இன்று டோபின் அண்டை வீட்டுப் பிறந்தநாளில் தண்ணீர்த் துப்பாக்கி வேண்டாம் என்றான்.' அதற்கு மறுநாளே அவன் ரொட்டித் துண்டைத் துப்பாக்கி வடிவத்தில் கடித்து என்னை நெற்றியில் சுட்டான். நான் நாற்காலியிலிருந்து விழுந்து செத்துக்காட்டினேன். அது ஃபைலில் ஏறவில்லை. "சிலந்தி ஏறும், ரொட்டி ஏறாதா?" என்று கேட்டேன். அவள் சிரித்து மழுப்பிவிட்டாள். நானும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, தப்பு என் பேரிலும் இருக்கிறது.

டோபினுக்குப் பதினைந்து வயதிருக்கும்போது, நவம்பர் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், கோல்பி ஷ்ரோடர் என்கிற பையன் தன் சிநேகிதனின் வண்டியில் போகிறபோது ஸ்ட்ராபெர்ரி மில்க்‌ஷேக்கை அப்படியே லூவான் மேல் வீசினான். டோபினின் வகுப்புதான் அவனும். அவன் அண்ணன் அப்போது ஆப்கானிஸ்தானில் இருந்தான். மில்க்‌ஷேக் அவள் தலையில் பட்டு முகத்தில் வழிந்தது. பதினொன்றரை மணி. லூவான் கண்ணை மட்டும் துடைத்துக்கொண்டு மீதி அரைமணி நேரமும் நின்றாள். டோபின் பக்கத்தில்தான் நின்றான். அன்றைக்குத் தபால் ஆபீஸுக்கு வந்திருந்த நான் அவன் முகத்தைப் பார்த்தேன், அவள் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் டோபின் கோல்பியை ஒரே குத்து. முன்பல் ஒன்று போய்விட்டது. மூன்று நாள் பள்ளிக்கு வராதே என்று அனுப்பிவிட்டார்கள்.

லூவான் கத்தவில்லை. கோழியும் நூடுல்ஸும் சமைத்து, மசித்த உருளைக்கிழங்கு மேல் ஊற்றி, பாத்திரத்தை அவன் கையில் கொடுத்து, ஷ்ரோடர் வீட்டுக்குக் கூட்டிப் போனாள். கோல்பியின் அம்மா பாத்திரத்தை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினாள். அந்த வியாழக்கிழமை டோபின் மத்தைப் பிடித்தபடி ஐந்து நிமிஷம் பேசாமல் இருந்துவிட்டு அம்மாவிடம் நீட்டினான். அவளும் ஒன்றும் சொல்லாமல் வெர்லினிடம் நீட்டினாள். வெர்லினைப் பற்றித்தான் தெரியுமே. என் கைக்கு வந்தபோது எனக்கும் வாய் எழவில்லை. அந்த வீட்டில் மத்து பேசாமலே சுற்றி வந்தது அன்றைக்கு மட்டும்தான். நீல ஃபைலில் ஒரு வரி ஏறவில்லை.

அந்தக் குளிர்காலத்தில் நான் மட்டும் ஒன்றைப் பார்த்தேன். பனி விழுந்த காலைகளில் ஆறு மணிக்கு நான் லாரியோடு ஷ்ரோடர் வீட்டுத் தெருவில் வரும்போது, டோபின் அவர்கள் வீட்டு வாசல் பாதையில் பனியை அள்ளிக்கொண்டிருப்பான். ஒருநாள் இல்லை, பனி விழுந்த ஒவ்வொரு நாளும். எங்கள் லாரி தெருப் பனியைத் தள்ளிக்கொண்டு போனால் ஒவ்வொரு வாசலிலும் ஒரு வரப்பு விழும். ஊரே என்னைத் திட்டுவது அதற்காகத்தான். முப்பது வருஷத்தில் நான் யாருக்காகவும் லாரி முன்னால் பனி தள்ளுகிற தகட்டைத் தூக்கியதில்லை, மேயர் வீட்டுக்குக்கூட. அந்த வாசலில் தூக்கினேன். பையன் அள்ளின இடத்தில் மறுபடி கொட்ட எனக்கு மனசு வரவில்லை. அவன் என்னைப் பார்த்தான், நானும் பார்த்தேன். யாரிடமும் சொல்லவில்லை. ஆமாம், நான்தான் சொல்லவில்லை, நம்பினால் நம்புங்கள்.

இரண்டு வருஷம் போனது. மார்ச் மாதம் டோபினுக்குப் பதினெட்டு. பிறந்தநாள் கேக்குக்குப் பக்கத்தில் லூவான் நீல ஃபைலை ரிப்பன் கட்டி வைத்தாள். பன்னிரண்டு வருஷத்து எழுத்து. அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து நான் கூடக் கிண்டலை விழுங்கிவிட்டேன். டோபின் நன்றி சொல்லி எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனான். ஒரு வாரம் படித்தான்.

வியாழக்கிழமை மத்து அவன் கைக்கு வந்தது.

"அம்மா, இந்த ஃபைல்ல இருக்கற பையன் யாரு?"

லூவானுக்குப் புரியவில்லை.

"எனக்குப் பதினஞ்சு வயசான வருஷம், அக்டோபர் பதினெட்டுல ஒரு பக்கம் இருக்கு. அடுத்த பக்கம் ஜனவரி பத்து. நடுவுல மூணு மாசம் நான் செத்தா போயிருந்தேன்?"

மத்து அவனிடம் இருக்கும்போதே லூவான் வாயைத் திறந்தாள். அவள் விதியை அவளே மீறியதை அன்றுதான் பார்த்தேன். "அதை எழுதினா உன்னை யாரும் நம்ப மாட்டாங்கடா" என்றாள்.

"எழுதலைன்னா என்னாலயே நம்ப முடியலையே. இதுல என் பேச்சு ஒண்ணுகூட இல்லம்மா. எல்லாம் நீங்க பார்த்தது, உங்களுக்குப் பிடிச்சது." அப்புறம் இன்னொன்றும் சொன்னான். படிவத்தில் குறுக்கே எழுதுவதா வேண்டாமா என்றே தான் இன்னும் முடிவு பண்ணவில்லை என்றான். மத்தைத் தட்டுக்குப் பக்கத்தில் மெதுவாக வைத்துவிட்டு எழுந்து போய்விட்டான்.

அன்று ராத்திரியே லூவான் என் அறைக்கு வந்தாள். என் மாடிப்படியில் அவள் ஏறுவது அபூர்வம். கட்டிலில் உட்கார்ந்து, கையிலிருந்த பாத்திரம் துடைக்கிற துணியை முறுக்கிக்கொண்டே இருந்தாள். "மார்வா, அவன் எழுதாம விட்டுட்டா என்ன பண்ணுவேன்? ஊருக்காகவா நின்னேன்? பதினஞ்சு வருஷம் நான் அந்த மூலையில நின்னது என் பிள்ளைக்கே போய்ச் சேரலைன்னா..." என்றாள். அழுதாள். மில்க்‌ஷேக் வழிந்தபோது அழாதவள்.

பனி அள்ளிய கதை என் நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் அவள் மனசு ஆறும். ஆனால் சொல்லவேண்டியவன் டோபின். அவனைப் பற்றி அவனுக்கு முன்னால் எழுதிவிடுகிற வேலையைத்தானே இவள் பன்னிரண்டு வருஷம் செய்திருக்கிறாள்? நானும் அதையே செய்வதா? நாக்கைக் கடித்துக்கொண்டேன். "ஞாயித்துக்கிழமை அவனே பேசட்டும்" என்று மட்டும் சொல்லி அவளுக்குக் காப்பி போட்டேன். என் காப்பி நன்றாக இருக்காது. அதையும் குடித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை என்றது ஏனென்றால், எங்கள் சபையில் பையன் ஃபைலோடு வந்து மூன்று பேர் முன்னால் உட்காருவான். நாளைக்கு அரசாங்கத்துக்காரர்கள் கேட்கப்போகிற கேள்விகளை இவர்கள் இன்றைக்கே கேட்டுப் பார்ப்பார்கள். பெற்றவர்கள் உட்காரலாம், பேசக்கூடாது. லூவான் இரண்டு கைகளையும் தொடைக்குக் கீழே வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் கடைசி பெஞ்சில்.

கேள்வி கேட்டவர் ஹாலிஸ் மேக்சன், சபையின் தலைமைப் பொறுப்பில் இருக்கிறவர், சோளம் பயிரிடுகிற கிழவர், அவசரமே தெரியாதவர். டோபின் மடியில் நீல ஃபைல் இருந்தது, அதன் மேல் ஒரு பழுப்பு உறை. பிறகு ஹாலிஸ், காலம் காலமாக எங்கள் பையன்களிடம் கேட்கப்படுகிற அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"உன் அம்மாவை ஒருத்தன் அடிக்க வந்தா என்ன செய்வே, டோபின்?"

இதற்கு வழக்கமான பதில்கள் உண்டு. நடுவில் போய் நிற்பேன், போலீஸைக் கூப்பிடுவேன், பேசிப் பார்ப்பேன். பையன்கள் பாடமாக்கி வந்து ஒப்பிப்பார்கள்.

"அது ஏற்கெனவே நடந்துச்சு. நான் அவனை அடிச்சேன்" என்றான் டோபின்.

லூவான் கண்ணை மூடிக்கொண்டாள்.

"அடிச்சப்போ ரெண்டு செகண்ட் நல்லா இருந்துச்சு. ரொம்ப நல்லா இருந்துச்சு. அப்புறம் கோல்பி கீழ உட்கார்ந்து பல்லைத் தேடினான். நானும் குனிஞ்சு கூடவே தேடினேன். அந்த ரெண்டு செகண்டை எனக்கு யாரும் கத்துக்கொடுக்கலை. அது எனக்குள்ளயே இருந்துச்சு. என்கிட்ட ஒரு துப்பாக்கியையும் கொடுத்து, சரி அடின்னும் சொன்னா, நான் என்ன ஆவேன்னு எனக்குத் தெரியும். அதனாலதான் போகமாட்டேன். நான் நல்ல பையன்கிறதால இல்ல."

ஹாலிஸ் அவசரப்படவில்லை. "அப்புறம் என்ன பண்ணினே?" என்றார்.

"அவங்க வீட்டுல பனி அள்ளினேன்."

"யார் சொல்லி?"

"யாரும் சொல்லலை. எங்க அம்மா யார்மேல கோபமா இருந்தாலும் அவங்களுக்குச் சாப்பாடு போட்ருவாங்க. எனக்குச் சமைக்கத் தெரியாது. பனி அள்ளத் தெரியும்."

லூவான் திரும்பி என்னைப் பார்த்தாள். பனி என்றால் ஊரில் எனக்குத் தெரியாமல் எதுவும் நடக்காது என்று அவளுக்குத் தெரியும். நான் கூரையில் சிலந்தி வலை தேடினேன்.

டோபின் பழுப்பு உறையைப் பிரித்தான். உள்ளே மூன்றே காகிதம். அவன் எழுதிய வாக்குமூலம் ஒன்று. பதிவுப் படிவத்தின் பிரதி ஒன்று, அதன் குறுக்கே கறுப்பு மையில், அவனுடைய கோணல் கையெழுத்தில், என் மனசாட்சி போருக்கு இடம் கொடுக்கவில்லை என்று எழுதியிருந்தது. மூன்றாவது கோல்பி ஷ்ரோடர் கொடுத்த கடிதம். ஹாலிஸ் அதைச் சத்தமாகப் படித்தார். 'டோபின் என் பல்லை உடைத்தான். எங்கள் வாசலில் பத்தொன்பது தடவை பனி அள்ளினான். இரண்டும் உண்மை. என் அண்ணன் படித்துப் பார்த்து, அனுப்பு என்றான்.' வெர்லின் தொண்டையைக் கனைத்தான். என் தம்பிக்கு அது ஒரு சொற்பொழிவு.

"அந்த நீல ஃபைல்?" என்று ஹாலிஸ் கேட்டார்.

"இது என்னோடது இல்ல" என்று சொல்லி டோபின் அதை நீட்டினான். மேலே ஒட்டியிருந்த தன் பெயரைப் பிய்த்து எடுத்துவிட்டு வேறு சீட்டு ஒட்டியிருந்தான். லூவான் காப்பக் என்று எழுதியிருந்தது.

"நான் சிலந்தியைப் பிடிச்சது எனக்கு ஞாபகமே இல்ல. அதை ஒருத்தங்க ராத்திரி உட்கார்ந்து எழுதியிருக்காங்க. பன்னண்டு வருஷம், சமையல் வேலை முடிச்சுட்டு வந்து. இது அவங்க நம்பிக்கை. பொம்பளைங்களை யாரும் பதியச் சொல்றதில்ல, அதனால எங்க அம்மாவை யாரும் இதுவரைக்கும் கேட்டதே இல்ல. கேட்டா காட்ட வேணாமா?"

எங்கள் சபையில் ஓட்டுப் போடுகிற வழக்கம் இல்லை. ஹாலிஸ், அந்த ஃபைலையும் அலமாரியில் வைக்க யாருக்காவது தடை உண்டா என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தார். ஒருவரும் பேசவில்லை. நான் பேசாமல் இருந்ததை வைத்தே அவர் புரிந்துகொண்டிருப்பார். "லூவான், இப்போ நீ பேசலாம்" என்றார்.

லூவான் ஃபைலை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு பேனா கேட்டாள். அக்டோபர் பதினெட்டுக்கும் ஜனவரி பத்துக்கும் நடுவே ஒரு வெள்ளைத் தாளைச் செருகி எழுதினாள். எழுதி முடித்து டோபினிடம் காட்டினாள், அவன் தலையாட்டினான். பிறகு என்னிடமும் காட்டினாள். 'நவம்பர் 17. டோபின் கோல்பியை அடித்தான். நான் பயந்து இதை எழுதாமல் விட்டேன்.' இவ்வளவுதான். எனக்குக் கண் மறைத்தது. தூசி என்று சொன்னேன், யாரும் நம்பவில்லை.

ஹாலிஸ் இரும்பு அலமாரியைத் திறந்து டோபினின் பழுப்பு உறையை வைத்தார். அதன் பக்கத்தில் நீல ஃபைலை வைத்தார். என் தாத்தா பெயரிலிருந்து நூற்றுச் சொச்சம் ஆண்பிள்ளைகளின் ஃபைல்கள் அந்த அலமாரியில் இருக்கின்றன. பெண் பெயர் ஒன்றே ஒன்றுதான். அவள் என் தம்பி பெண்டாட்டி.